கண்ணாடித் தொட்டியில் எந்த மீனோடு எந்த மீன்?

தாம்பரத்தை அடுத்த ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சேலையூர் பகுதிகளில் பல வீடுகளின் கூடத்தில் வண்ண மீன் தொட்டியைக் காணலாம். தொட்டி வாங்கியவர்கள் விடுமுறை நாளில் கொளத்தூர் சென்று, கண்ணுக்கு அழகாகத் தெரிந்த மீன்களை வகைக்கு இரண்டாக வாங்கி வருகிறார்கள். இரண்டு வாரத்தில் பாதி மீன்கள் செத்து மிதக்கின்றன. மிஞ்சியவற்றில் ஒன்று மட்டும் கொழுத்து வளர்கிறது. கடைக்காரர் நோய் மீனைக் கொடுத்துவிட்டார் என்று குறை சொல்வதே வழக்கம். பெரும்பாலான இழப்புக்குக் காரணம் மீன்களைச் சேர்த்த முறைதான்.

ஒரே தொட்டியில் பல இன மீன்களைச் சேர்த்து வளர்ப்பது கூட்டு வளர்ப்பு எனப்படும். இதற்கு மீன்களைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது தண்ணீர்; இரண்டாவது மீனின் முழு வளர்ச்சி; மூன்றாவது அதன் வாய்; நான்காவது அதன் குணம். நிறத்தை ஐந்தாவதாகப் பார்த்தால் போதும்.

தண்ணீரைப் பார்த்து மீன் வாங்குங்கள்

புறநகரில் பெரும்பாலான வீடுகளில் மீன் தொட்டிக்குப் போவது ஆழ்துளைக் கிணற்று நீர்தான். இதில் பல இடங்களில் சுண்ணாம்பு, மக்னீசியம் உப்புகள் மிகுதி. சோப்பு எளிதில் நுரைக்காமல் இருப்பது, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது, குழாய் வாயில் உப்புப் பூப்பது ஆகியவை கடின நீருக்கு அடையாளம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருப்பது ஏற்றது என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக் கூடங்களில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைப் பரிசோதித்துக் கொள்ளலாம். ஒரு முறை பரிசோதித்து வைத்துக்கொண்டால், எந்த மீனை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

தென்னமெரிக்காவின் அமேசான் காட்டு ஓடைகளில் வாழும் நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை உப்பு மிகக் குறைந்த மென்னீருக்குப் பழகியவை. பண்ணையில் பிறந்தவை ஓரளவு கடின நீரைத் தாங்கும் என்றாலும், நியான் டெட்ரா நமது மே மாத வெப்பத்தையும் சேர்த்துத் தாங்குவது கடினம். மாறாக, மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த மோலி, பிளாட்டி, வாள்வால் மீன்களும், வெனிசுவேலா, டிரினிடாட் பகுதியைச் சேர்ந்த கப்பியும் கடின நீரில் நன்றாக வாழும். மோலிக்குக் கடின நீர்தான் உகந்தது. மென்னீரில் விட்டால் இடம் பெயராமல் நின்ற இடத்திலேயே உடலை ஆட்டிக்கொண்டு நலிந்து போகும்.

எனவே போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டுக்கு முதலில் ஏற்றவை குட்டி போடும் இந்த நான்கு இனங்களே. விலையும் குறைவு. மீனுக்காகத் தண்ணீரை மாற்றப் படாத பாடு படுவதைவிட, வீட்டில் உள்ள தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவது சிக்கனம்.

சிலர் கேன் தண்ணீரை மட்டுமே ஊற்றித் தொட்டியை நிரப்புகிறார்கள். இந்த நீரில் உப்புகள் பெரும்பாலும் நீக்கப்பட்டிருப்பதால், அதன் காரகாடித் தன்மை நிலையாக நிற்காமல் ஏறி இறங்கும். மீனுக்கு இது நல்லதல்ல. கேன் தண்ணீரையும் போர் தண்ணீரையும் சரிபாதி கலந்தால் கடினத்தன்மை ஏறக்குறையப் பாதியாகக் குறையும். மாடியில் பிடித்த சுத்தமான மழைநீரையும் இப்படிக் கலக்கலாம். முதல் மழையில் மாடித் தூசி முழுவதும் கழுவிப் போன பிறகு பிடித்த நீராக இருக்க வேண்டும். ஒரு முறை வைத்துக்கொண்ட அளவையே எப்போதும் பின்பற்றுவது அவசியம். ஒரு வாரம் கேன், மறு வாரம் போர் என்று மாற்றி மாற்றி ஊற்றினால் எந்த மீனும் தாங்காது.

குழாயில் வரும் குடிநீரில் குளோரின் கலந்திருக்கும். அதை வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தோ, காற்றுப் பம்பு ஓடவிட்டோ பிறகுதான் தொட்டியில் சேர்க்க வேண்டும்.

இரண்டு அங்குலக் குஞ்சு எத்தனை அடி வளரும்?

கடையில் எல்லா மீனும் இரண்டு அங்குலத்தில்தான் இருக்கும். வீட்டுக்கு வந்த பின்புதான் வேறுபாடு தெரியும். கப்பி இரண்டு அங்குலத்தைத் தாண்டுவது அரிது. ஆஸ்கார் ஓர் அடி வளரும். வண்ணக் கெண்டையான கோய் இரண்டு அடியை எட்டும். அது தோட்டத்துக் குளத்துக்கு உரிய மீன்.

'ஷார்க்' என்ற பெயரில் வெள்ளிப் பளபளப்புடன் விற்கப்படும் மீனிடம் மிகவும் எச்சரிக்கை தேவை. அது சுறா இனமே அல்ல. தென்கிழக்கு ஆசியாவின் மேகாங் ஆற்றைச் சேர்ந்த கெளுத்தி வகை. உணவு விடுதிகளில் 'பாசா' என்று பரிமாறப்படும் மீனின் இனம் இதுதான். ஆற்றில் மூன்று அடிக்கு மேல் வளரக்கூடிய இம்மீன், இரண்டு அடித் தொட்டியில் எந்த நேரமும் கண்ணாடியில் முட்டி மூக்கைப் புண்ணாக்கிக் கொள்ளும். பாசி தின்னும் என்று வாங்கப்படும் 'சக்கர்' மீனும் ஓர் அடிக்கு மேல் வளரும்.

எத்தனை மீன் விடலாம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. சிறு மீன்களுக்கு, முழுதாக வளர்ந்தபின் அவற்றின் நீளத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரமுள்ள தொட்டியின் மொத்தக் கொள்ளளவு சுமார் 56 லிட்டர். மணலும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர் நிற்கும். இதில் மொத்தம் 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு மேல் மீன் விடக் கூடாது. பருத்த உடலும் மிகுந்த கழிவும் உள்ள தங்க மீன், ஆஸ்கார் முதலியவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பல மடங்கு இடம் வேண்டும்.

நெருக்கடி நமது பகுதியில் இரட்டைத் தீங்கு செய்யும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்துள்ள பிராணவாயு குறையும். 20 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும் பிராணவாயு, 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். அதோடு மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா, காரத்தன்மையும் சூடும் மிகுந்த நீரில் அதிக நஞ்சாக மாறுகிறது. கோடையில் மின்சாரம் நின்று காற்றுப் பம்பு ஓயும்போது நெருக்கமான தொட்டியில்தான் முதலில் சாவு விழும்.

வாயைப் பார்த்தால் வயிறு தெரியும்

ஒரு மீனின் வாய்க்குள் நுழையக்கூடிய எந்த மீனும் அதற்கு இரை. ஏஞ்சல் என்னும் தேவதை மீன் குஞ்சாக இருக்கும்போது நியான் டெட்ராவோடு சாதுவாக நீந்தும். ஆறு மாதம் சென்றபின் இரவில் ஒவ்வொன்றாக விழுங்கும். அது கெட்ட குணமன்று, இயற்கை.

வாயின் அமைப்பு, மீன் எங்கே மேயும் என்பதையும் சொல்லும். மேல் நோக்கிய வாய் உள்ளவை நீர்ப்பரப்பில் மேயும். கப்பி, மோலி இவ்வகை. நேரான வாய் உள்ளவை நடு நீரில் இருக்கும்; கெண்டை இனத்துச் சிறு மீன்கள் பல இவ்வகை. கீழ் நோக்கிய வாயும் மீசையும் உள்ளவை அடியில் மேயும். கோரிடோரஸ் என்னும் சிறு கெளுத்தி இவ்வகை. மூன்று தட்டிலும் அளவாக மீன் இருந்தால் தீவனச் சண்டை குறையும். அடியில் மேயும் மீனை 'எச்சில் தின்னும் மீன்' என்று எண்ணிப் பட்டினி போடக் கூடாது. அதற்கென மூழ்கும் தீவனம் தனியாகக் கொடுக்க வேண்டும்.

குணம் அறிந்து சேர்த்தல்

டைகர் பார்ப் என்னும் வரிக்கெண்டை, நீண்ட துடுப்பைக் கண்டால் கடித்துக் கிழிக்கும். அதனால் கப்பி, தேவதை மீன், தங்க மீன் இவற்றோடு அதைச் சேர்க்கலாகாது. ஒன்றிரண்டாக விட்டால் இக்குணம் அதிகமாகும். எட்டுப் பத்தாக விட்டால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடி மற்றவற்றை ஓரளவு விட்டுவிடும்.

ஃபைட்டர் என்னும் சண்டை மீன் தாய்லாந்தைச் சேர்ந்தது. இரண்டு ஆண்கள் ஒரே தொட்டியில் இருந்தால் ஒன்று சாகும் வரை சண்டை ஓயாது. வண்ண வால் விரித்த ஆண் கப்பியையும் எதிரி என்று எண்ணித் தாக்குவது உண்டு. அதைத் தனியே வளர்ப்பதுதான் நல்லது. தலையில் புடைப்புள்ள ஃபிளவர்ஹார்ன் இயற்கையில் இல்லாத கலப்பினம். 1990களில் மலேசியாவில் உருவாக்கப்பட்டது. அதோடு எந்த மீனும் பிழைக்காது.

தங்க மீன் சாதுவானது. இருந்தும் கூட்டுத் தொட்டிக்கு ஏற்றதல்ல. அது சீனாவில் உருவான குளிர்நீர்க் கெண்டை இனம். தீனி மிகுதி, கழிவும் மிகுதி. நீந்துவதில் மந்தமானதால் வேகமான மீன்களோடு தீவனத்துக்குப் போட்டியிட முடியாது. தங்க மீனுக்குத் தங்க மீனே துணை.

கூட்டமாக வாழும் இனங்களை வகைக்கு இரண்டாக வாங்குவது மற்றொரு பிழை. ஜீப்ரா டேனியோ, செர்ரி பார்ப், டெட்ரா வகைகள், கோரிடோரஸ் ஆகியவற்றை ஆறுக்குக் குறையாமல் விட வேண்டும். தனித்து விடப்பட்ட மீன் பயந்து மூலையில் ஒடுங்கும், தீவனம் எடுக்காது. குட்டி போடும் இனங்களில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆண்கள் ஓயாமல் துரத்தியே பெண் மீனைக் கொன்றுவிடும். ஆணின் அடித்துடுப்பு குச்சிபோல் நீண்டிருக்கும். பெண்ணுக்கு விசிறிபோல் விரிந்திருக்கும்.

நமது பகுதிக்கு ஏற்ற மூன்று கூட்டுகள்

1. கடின நீர், இரண்டு அடித் தொட்டி (45 லிட்டர்): பிளாட்டி ஆண் 1, பெண் 2, ஆண் கப்பி 4. கப்பியில் ஆண்களை மட்டும் விட்டால் குட்டிகள் பெருகித் தொட்டி நிறையாது.

2. கடின நீர், மூன்று அடி நீளம், ஓர் அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி (சுமார் 100 லிட்டர்): கறுப்பு மோலி ஆண் 1, பெண் 3, வாள்வால் ஆண் 1, பெண் 2. வாள்வால் துள்ளி வெளியே விழும் இயல்புடையது. தொட்டிக்கு மூடி கட்டாயம்.

3. மழைநீரோ கேன் நீரோ கலந்த மிதமான நீர், அதே 100 லிட்டர் தொட்டி: ஜீப்ரா டேனியோ 6, செர்ரி பார்ப் 6. முன்னது இந்தியாவுக்கே உரியது. பின்னது இலங்கையின் ஓடைகளுக்கு உரியது. செர்ரி பார்ப் கூச்சமுள்ளது. ஒதுங்க அடர்ந்த நீர்ச்செடிகள் வைக்க வேண்டும்.

ஏரியில் பிடித்த மீனைச் சேர்க்கலாமா?

பள்ளிப் பிள்ளைகள் ஏரி, குட்டைகளில் பிடித்த மீனைப் பாட்டிலில் கொண்டுவந்து தொட்டியில் விடுவது உண்டு. விரால் குஞ்சுகள் செந்நிறமாகக் கூட்டம் கூட்டமாக அலைவதால் அலங்கார மீன் போலவே தோன்றும். வளர்ந்தால் தொட்டியில் உள்ள அனைத்தையும் விழுங்கும். கெளுத்திக் குஞ்சு பகலில் மறைந்திருந்து இரவில் வேட்டையாடும். சிலேபி மணலைத் தோண்டிச் செடிகளைப் பிடுங்கி எறிவதோடு, இடம் பிடித்துக்கொண்டு மற்ற மீன்களை முட்டும். ஏரி மீனோடு ஒட்டுண்ணிகளும் தொட்டிக்குள் வரும். பிள்ளைகளின் ஆவலுக்குத் தடை போட வேண்டியதில்லை. அவற்றுக்குத் தனி வாளி போதும்.

புது மீனை விடும் முறை

தொட்டியில் நீர் நிரப்பிய அன்றே மீன் விடக் கூடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியிலும் மணலிலும் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நண்பர் வீட்டுத் தொட்டியின் ஸ்பான்ஜ் வடிகட்டியைப் பிழிந்த நீரைச் சேர்த்தால் இது விரைவில் கைகூடும். முதலில் இரண்டு மூன்று மீன் மட்டும் விட்டு, வாரங்கள் சென்றபின் மற்றவற்றைச் சேர்க்கலாம்.

கொளத்தூரிலிருந்து நகரத்தின் மறுகோடிக்கு வரும் மீன் வேறு தண்ணீரில் வளர்ந்தது. பையைத் திறக்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்த வேண்டும். பிறகு பைக்குள் தொட்டி நீரைச் சிறிது சிறிதாக அரை மணி நேரம் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். பை நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. வசதி இருந்தால் புது மீனை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது வெள்ளைப்புள்ளி நோயைத் தடுக்கும். இரண்டு தொட்டிக்கும் ஒரே வலையைப் பயன்படுத்தக் கூடாது.

தீவனம் இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே போதும். வாரம் ஒரு முறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். முழு நீரையும் கொட்டிச் சோப்புப் போட்டுக் கழுவுவது, பழகிய பாக்டீரியாக்களை அடியோடு அழித்துவிடும்.

மிஞ்சிய குட்டிகளால் வருவாய்

குட்டி போடும் மீன்கள் ஏறக்குறைய மாதம் ஒரு முறை ஈனும். கப்பி ஒரு ஈற்றுக்கு இருபது முப்பது குட்டிகள் போடுவது சாதாரணம். தாயே குட்டிகளைத் தின்னும் என்பதால், ஈனும் தருவாயில் நீர்ச்செடி நிறைந்த தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். கொல்லையில் சிமென்ட் தொட்டியோ பழைய பிளாஸ்டிக் பீப்பாயோ இருந்தால் குட்டிகளை வளர்த்துக் கடைகளுக்குக் கொடுக்கலாம்.

கலப்பில்லாத நிறத்துக்குத்தான் விலை கிடைக்கும். ஒரே முறை இணைந்த பெண் மீன் பல மாதங்களுக்கு விந்தைச் சேமித்து வைத்துத் தொடர்ந்து குட்டி போடும். ஆகையால் ஆண் பெண் அடையாளம் தெரியத் தொடங்கிய உடனே பிரித்துவிட வேண்டும். பிளாட்டியும் வாள்வாலும் ஒன்றோடொன்று இணைந்து கலப்புக் குட்டிகள் போடும். அழகுக்காக இரண்டையும் சேர்த்து வளர்க்கலாம். விற்பனைக்கு வளர்ப்பவர்கள் சேர்க்கக் கூடாது.

வேண்டாத மீனை என்ன செய்வது?

தவறாகத் தேர்ந்தெடுத்த மீனின் கதை தொட்டியோடு முடிவதில்லை. வளர்ந்துவிட்ட சக்கரையும் ஷார்க்கையும் கொல்ல மனமில்லாமல், புண்ணியம் என்று எண்ணி ஏரியில் விட்டுவிடுகிறார்கள். ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் அடுத்தடுத்த ஏரிகளின் வழியே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிச் செல்கிறது. 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. இங்கே விட்ட மீன் மழைக்காலத்தில் அங்கே போய்ச் சேர வழி உண்டு.

தென்னமெரிக்கச் சக்கர் மீன் கேரளம், ஆந்திரம், தமிழ்நாடு, மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவியுள்ளது. கரையில் வளை தோண்டி மண்ணைச் சரிய வைக்கும். முள் நிறைந்த அதன் உடல் மீனவர் வலையைக் கிழிக்கும். பிராணவாயு குறைந்த சாக்கடை நீரிலும் பிழைக்கும். அதை வாங்குவார் இல்லை. நாட்டுக் கெண்டையும் கெளுத்தியும் வாழ வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. ஒரு வீட்டின் கருணை, ஏரியை நம்பி வலை வீசுபவரின் பிழைப்பைப் பாதிக்கிறது.

வேண்டாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம். பெரிய தொட்டி உள்ளவர்களிடம் கொடுக்கலாம். வாங்கும்போதே 'வளர்ந்தால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?' என்று கேட்டு வைப்பது நல்லது. கொல்லையில் சிமென்ட் தொட்டி வைத்திருப்பவர்கள், 2015, 2023 டிசம்பர் மாதங்களில் புறநகரைச் சூழ்ந்த வெள்ளத்தை நினைவில் கொள்ள வேண்டும். ஐப்பசி பிறக்கும் முன்பே தொட்டியின் விளிம்பை உயர்த்தி, மேலே வலை கட்டிவிட்டால் மீன் வெள்ளத்தோடு போகாது. மீனும் மிஞ்சும், ஏரியும் தப்பும்.

வண்ண மீன் வளர்ப்பைத் தொழிலாகச் செய்ய விரும்புவோர் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தையோ, 2012இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் வாணியன்சாவடி வளாகத்தையோ அணுகி ஆலோசனை பெறலாம். போகும்போது வீட்டுத் தண்ணீரின் பரிசோதனை முடிவைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும்.